என் பெயரில் தங்கை கொடுத்த ரத்தம்

என் தங்கையின் ரத்தத்தை என்னுடையது என்று சொல்லிப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். அதில் கோளாறு இருப்பது தெரிந்த பிறகும் அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டு எழுந்து போனாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போகாதீர்கள்... ஒருவராவது முழுக்கக் கேட்டுவிட்டு என்னைத் திட்ட வேண்டும் என்றிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கீதாவுக்குப் பத்தொன்பது. அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து புனேவுக்குப் பிழைக்க வந்தவர். கட்கியில் ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. போபோடியில் ஒரு சந்துக்குள் இரண்டு அறை வீடு. காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும்போது அம்மா எங்களை எழுப்புவாள். கீதா எழுந்துவிடுவாள். நான் எழுந்ததாகப் பாவனை செய்வேன்.

என் தூக்கத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது.

பதினான்கு வயதிலிருந்து நான் பாதித் தூக்கத்திலேயே வாழ்ந்தேன். சோறு சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகும். இமைகளுக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு வெளிச்சம் பரவும். கை கால்கள் என்னுடையவை இல்லை என்பதுபோல் கனத்துப்போகும். வகுப்பில் கணக்கு டீச்சரின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். எழுதிக்கொண்டே இருப்பேன், பிறகு பார்த்தால் நோட்டில் எழுத்து கோடாகி, கோடு பக்கத்தைத் தாண்டி மேசைமேல் போயிருக்கும். புனேவில் மழை நான்கு மாதம் பெய்யும். அந்த நான்கு மாதமும் எனக்கு ஒரே ஒரு நீண்ட மதியமாகத்தான் நினைவிருக்கிறது. தகரக் கூரையில் மழை, சுவர் ஓரமாகப் பாய், பாயில் நான்... எங்கோ போய்க்கொண்டே இருப்பேன். பச்சையாகப் புல் முளைத்த தண்டவாளத்தின்மேல் செருப்பில்லாமல் நடப்பேன். யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விழித்தால் பசி. சாதாரணப் பசி இல்லை. வயிற்றுக்குள் யாரோ உட்கார்ந்து இனிப்பு, இனிப்பு என்று பிடுங்கும் பசி. பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டு, சர்க்கரை டப்பாவில் விரலை விடுவேன். உடம்பு பெருத்தது. கழுத்தின் பின்புறம் கறுத்து, தொட்டால் சொரசொரப்பாக ஆனது. அம்மா முதலில் கடலைமாவும் தயிரும் போட்டாள், பிறகு எலுமிச்சை, பிறகு பீர்க்கங்காய் நாரால் தோல் சிவக்கத் தேய்த்தாள்.

"அழுக்கு இல்லம்மா... வலிக்குது."

"அழுக்கு இல்லாம இன்னாடி இது, கரி பூசிக்கினா வந்த? நல்லாத் தேச்சுக் குளிச்சா ஏன் இப்படி ஆவுது? தூங்கறதுக்கே உனக்கு நேரம் போதல."

சோம்பேறி என்ற சொல் எங்கள் வீட்டில் எனக்கு இன்னொரு பெயராகவே ஆகிவிட்டது. அம்மா கோபத்தில் சொன்னாள், அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்டுக் கேட்டு நானும் நம்பினேன்.

கீதாவோ, ஊதினால் பறந்துவிடுவாள். கடையில் நின்றபடியே இரண்டு வடா பாவ் சாப்பிடுவாள். வீட்டுக்கு வந்து மூன்று கரண்டி சோறு. அதற்குமேல் பக்கத்து வீட்டிலிருந்து ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பு வந்தால் கிண்ணத்தை வழித்து நக்குவாள். ஒரு சுற்று பெருத்ததில்லை. சந்தில் எல்லோருக்கும் ஒரே கேலிதான்: உன் பங்கையும் அக்காவே சாப்பிட்டுவிடுகிறாளா? நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். எவ்வளவு நன்றாகச் சிரிப்பேன் தெரியுமா? என் வயிறு எரிவது என் முகத்தில் தெரியவே தெரியாது.

இருபத்திரண்டு வயதில் ஐந்து மாதமாக மாதவிலக்கு வராமல் போனபோதுதான் அம்மா பயந்து, கட்கி பஜாரில் இருந்த ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனாள். மராத்திக்காரர், எங்களோடு இந்தியில் பேசினார். வயிற்றைப் பார்ப்பதற்கு முன்னால் என் கழுத்தைத்தான் பார்த்தார். பின்னலை ஒதுக்கி, அந்தக் கறுப்பின்மேல் விரலை வைத்தார். தேய்க்காமல் அந்த இடத்தைத் தொட்ட முதல் ஆள் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டர் பொறுமையாக விளக்கினார். சர்க்கரை சரியாக இருக்கிறது, இன்சுலின்தான் மிக அதிகம் என்றார். இன்சுலின் கதவைத் தட்டுகிறது. உன் உடம்பின் செல்கள் திறக்க மறுக்கின்றன. ஒருவர் தட்டிப் போதாமல் உன் உடம்பு பத்துப் பேரை அனுப்புகிறது. இப்படியே விட்டால் ஒரு நாள் அனுப்புவதற்கு ஆள் இருக்காது, அன்றைக்குச் சர்க்கரை நோய் வந்துவிடும் என்றார். தூக்கமும் பசியும் கழுத்துக் கறுப்பும் மாதவிலக்குத் தள்ளிப்போவதும் எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள்தான் என்றார்.

பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார், இவள் சோம்பேறி இல்லை என்று.

நான் அதைத் தமிழில் அம்மாவுக்கு இன்னொரு தடவை சொன்னேன். அம்மாவுக்கு இந்தி நன்றாகவே தெரியும்... இருந்தாலும் சொன்னேன். அம்மா என் கழுத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மாலை முழுவதும் நான் மிதந்துகொண்டிருந்தேன். நோய் என்று சொல்லக் கேட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன்.

மூன்று மாதம் என்று டாக்டர் கெடு வைத்தார். தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். வெள்ளைச் சோற்றையும் இனிப்பையும் குறைக்க வேண்டும். இரண்டு வேளை மாத்திரை. அதன்பின் மறுபடி ரத்தப் பரிசோதனை.

அம்மா மறுநாளே பக்கத்து வீட்டு மராத்திப் பெண்ணிடம் போய் ஜவாரி பாக்ரி என்கிற சோள ரொட்டி தட்டக் கற்றுக்கொண்டாள். பிறந்ததிலிருந்து தோசை ஊற்றிப் பழகிய கை. முதல் வாரம் ஒன்றுகூட உடையாமல் வரவில்லை. கல்லிலிருந்து எடுத்துத் தணலில் போடும்போது விரல் நுனிகளைச் சுட்டுக்கொண்டாள். மற்ற மூவருக்கும் சோறு. எனக்கு மட்டும் தனியாக மாவு பிசைந்து, தனியாகத் தட்டி, சூடாக. என்னைச் சோம்பேறி என்று திட்டியதற்கு அவள் கேட்ட மன்னிப்பு அது. வாயால் கேட்க அவளுக்கு வராது.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

மாத்திரை குமட்டியது. பத்து நாளில் நிறுத்தினேன். டாக்டரிடம் போய்ச் சொல்லியிருந்தால் வேறு வழி சொல்லியிருப்பார். சொல்லவில்லை. வேளைக்கு ஒன்றாக உறையிலிருந்து எடுத்து வீசினேன். காலை நடைக்குக் கீதாவின் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்புவேன். சந்து முனை திரும்பியதும் வேகம் குறையும். கட்கி ஸ்டேஷனுக்குப் போய் நடைமேடையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன்.

அந்தக் காலைகள்! குளிர்காலம். தண்டவாளத்தின்மேல் பனி படுத்திருக்கும். லோணாவளா லோக்கல் மஞ்சள் விளக்கோடு மெல்ல உருவாகி வந்து, நின்று, மறுபடி பனிக்குள் கரைந்துபோகும். டீக்கடையில் ஒரு டீயும் ஒரு கிரீம் ரோலும் வாங்கிக்கொள்வேன். ரோலின் உள்ளே நாக்கை விட்டு கிரீமை இழுத்துக்கொண்டே வருகிற போகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படியே கண் செருகும். ரயிலில் ஏறாமலே எங்கெங்கோ போய்விட்டு வருவேன். முக்கால் மணி நேரம் ஆனதும் எழுந்து, வேர்த்ததுபோல் தெரிய முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வீட்டுக்கு. அம்மா சூடாகப் பாக்ரி எடுத்து வைத்திருப்பாள்.

மூன்று மாதம் அப்படியே கனவாகப் போயிற்று.

ரத்தம் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியபோதுதான் விழித்தேன். குறைந்திருக்காது, கூடத்தான் கூடியிருக்கும். டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். அவர் திட்டினால் போகட்டும்... அம்மாவின் விரல்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அப்போதுதான் கீதா ஞாபகம் வந்தது. ஒல்லியான உடம்பில் எல்லாம் சரியாகத்தானே இருக்கும்? இந்த நோய் குண்டானவர்களுக்கு வருவது என்றே நான் அன்றைக்கு நினைத்திருந்தேன். பரிசோதனைக் கூடத்தில் சீட்டைப் பார்ப்பார்கள், முகத்தை யார் பார்க்கிறார்கள்?

துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் போய்க் கேட்டேன். ஏன் என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். மாத்திரை, பெஞ்சு, கிரீம் ரோல், எல்லாம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அரே அக்கா, நீ தினமும் கிரீம் ரோல் சாப்பிட்ட, எனக்கு ஒண்ணு கூட வாங்கிக் குடுக்கல."

"வாங்கித் தரேன். அம்மாகிட்ட சொல்லாத கீது."

"ஊசி ரொம்ப வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"டீக் ஹை, குடுக்கறேன். ஆனா ஜிலேபி வாங்கித் தரணும். சூடா."

அவ்வளவுதான். அவள் என்னை ஒரு கேள்வியும் அதற்குமேல் கேட்கவில்லை. அக்கா மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதைத் தவிர வேறு எண்ணமே அவளுக்கு இல்லை.

மறுநாள் காலை இருவரும் வெறும் வயிற்றோடு போனோம். சின்னக் கூடம், சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு, பச்சைத் திரை. உள்ளேயிருந்து, "செல்வி" என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். என் பெயருக்குக் கீதா எழுந்து நின்றாள்.

அந்தக் கணத்தை நான் எத்தனையோ தடவை திரும்பப் பார்த்திருக்கிறேன். விழித்திருக்கும்போதும் தூக்கத்திலும். நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுந்து போகிறேன். மெலிந்து, லேசாக, நீலத் துப்பட்டாவைத் தோளில் சரிசெய்துகொண்டு திரைக்குப் பின்னால் போகிறேன். ஒரு நொடி எனக்கு அது எவ்வளவு இன்பமாக இருந்தது! நான் கீதாவாக ஆகிவிட்டேன் என்று தோன்றியது. என் முழங்கை மடிப்பை நானே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்து ஜிலேபி சாப்பிட்டோம். அவள் ஐந்து, நான் மூன்று. பஞ்சு ஒட்டியிருந்த கையை மடக்கியபடியே அவள் இன்னொரு கையால் சாப்பிட்டாள்.

முடிவை வாங்கிக்கொண்டு மாலையில் டாக்டரிடம் நான் தனியாகப் போனேன். அவர் தாளைப் பார்த்தார். பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தவா பராபர் லே ரஹீ ஹோ?"

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்கிறார். சாப்பிடுகிறேன் என்றேன். அப்படியென்றால் ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது என்றார். போன தடவையைவிட அதிகம். சர்க்கரையும் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. என் எண் ஏறிவிட்டதே என்றுதான் பதறினேன். பிறகு... அது என் எண் இல்லை என்பது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. அது கீதாவின் எண். ஊதினால் பறந்துவிடும் கீதா.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வருமா என்று கேட்டேன். குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

வரும் என்றார். குடும்பத்தில் ஓடும் என்றார். வெளியே தெரியாது, அதனால்தான் ஆபத்து என்றார். உனக்குத் தங்கை இருக்கிறாள் அல்லவா, ஒரு நாள் அழைத்து வா, பார்த்துவிடலாம் என்றும் சொன்னார். தெரியாததால் சொல்லவில்லை என்று நான் உங்களிடம் சொல்ல முடியாது. எனக்கு எல்லாமே சொல்லப்பட்டது.

இனி வருவதுதான் எழுதக் கை கூசும் இடம். அந்த அறையை விட்டு இறங்கி பஜாரில் நடந்தபோது எனக்குள் முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். அவளுக்கும் இருக்கிறது. அந்த அழகான ஒல்லிக்குள்ளும் அதே கதவு பூட்டிக்கிடக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்த சந்து முழுவதையும் கூப்பிட்டு நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பத்து அடி தூரம் இருக்குமா அந்தச் சந்தோஷம்? இருபது அடி? அளவு தெரியவில்லை. ஆனால் இருந்தது.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாளை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

வீட்டில், எல்லாம் நார்மல் என்று சொன்னேன். அம்மா போய்ப் பாக்ரிக்கு மாவு எடுத்தாள். முதுகு திரும்பியிருந்தாலும் அழுகிறாள் என்று தெரிந்தது. கீதா எனக்குக் கண்ணடித்தாள். தனியாக வந்து என் தோளில் இடித்துச் சொன்னாள்.

"பாத்தியா, என் பிளட் எவ்ளோ அச்சா பிளட்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் சொன்னால் ஏமாற்று வெளியே வரும். அம்மாவின் அழுகை வேறு அழுகையாக மாறும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் இன்னும் கடினமாக இருந்தது. ஒரு வாரம் போனபின், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காகிவிட்டேன் என்பதுதான் வேடிக்கை. பயந்துபோய் உண்மையாகவே நடந்தேன். மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால் குமட்டல் அடங்கும் என்று டாக்டர் சொல்லித் தந்தார், அடங்கியது. ஆறு மாதத்தில் என் எண் இறங்கியது. மாதம் தவறாமல் தூரமானேன். மதிய மயக்கம் விலகி, உலகம் பளிச்சென்று, கொஞ்சம் அதிகமாகவே பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது. அவ்வளவு உயரத்திலிருந்து இப்படி இறக்கிக் காட்டினாள் என்று டாக்டர் தன்னிடம் வரும் மற்றப் பெண்களுக்கு என்னை உதாரணம் காட்டினார். என் தங்கையின் எண்ணிலிருந்து இறங்கி நான் பெயர் வாங்கினேன்.

மகர்பட்டாவில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கீதாவுக்கு இருபத்து மூன்றில் கல்யாணம். மாப்பிள்ளை வங்கியில் வேலை. ஔந்தில் மூன்றாவது மாடி ஃபிளாட். ஒரே ஒரு தடவை, போகிற போக்கில், நீயும் ஒருமுறை ரத்தம் பரிசோதித்துக்கொள் என்று சொன்னேன்.

"எனக்கு இன்னாத்துக்கு? அன்னிக்கே பாத்தாச்சு இல்ல?" என்றாள்.

அதோடு விட்டுவிட்டேன். சொன்னேன் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

அவள் உண்டானாள். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை தொந்தரவு உண்டா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு ஏதோ கொஞ்சம் இருந்தது, நான் பார்த்துவிட்டேன், எனக்கு நார்மல் என்று சொல்லியிருக்கிறாள். சர்க்கரைத் தண்ணீர் குடித்து ரத்தம் கொடுக்கும் பரிசோதனைக்குச் சீட்டு எழுதித் தந்தும், குமட்டுகிறது என்று போகாமல் தள்ளிப்போட்டிருக்கிறாள். எந்தத் தைரியத்தில்? நான் கொடுத்த தைரியத்தில். இதையெல்லாம் அவள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அலுவலக மாடிப்படியில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதம் ஔந்தில் வளைகாப்பு. மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கூடத்தில் பெண்கள், சந்தனம், கண்ணாடி வளையல் சத்தம். மணைமேல் கீதா உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பட்டு. கன்னம் மினுமினுத்தது. எல்லாம் புகைக்கு நடுவில் நடப்பதுபோல், மறுபடி நான் பழைய மதியத் தூக்கத்துக்குள் விழுந்துவிட்டதுபோல் இருந்தது.

சித்ரான்னங்கள் வரிசையாக வந்தன. சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, அக்கா நீ ஊட்டு என்றார்கள்.

"அக்கா, தண்ணி."

கொடுத்தேன். குடித்தாள். இரண்டு வளையல் அடுக்குவதற்குள் மறுபடி, "அக்கா, தண்ணி." மூன்றாவது தடவையும் கேட்டாள். யாரோ சிரித்தார்கள், குழந்தைக்குத்தான் தாகம் என்று. எனக்குத் தெரியும் அது என்ன தாகம் என்று. அந்தக் கூடத்திலிருந்த அத்தனை பேரிலும் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சம்பந்தி வீட்டார் நிறைந்த இடம்... இங்கே எப்படி? நாளைக்குப் போன் செய்து சொல்லலாம்... நான் கிண்ணத்திலிருந்து எடுத்தேன். நெய் வழிந்தது. அவள் வாயைத் திறந்தாள். ஊட்டினேன்.

மறுநாள் போன் செய்யவில்லை. அதற்கு மறுநாளும்.

எட்டாம் மாதத்தில் குழந்தையின் அசைவு நின்றுபோனது. பெண் குழந்தை. கீதாவின் சர்க்கரை மிக அதிகமாக இருந்ததை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள். அதனால்தானா என்று கேட்டதற்கு, உறுதியாகச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்று சொன்னார்கள். அந்த 'இருக்கலாம்' எனக்கு விட்டுவைக்கப்பட்ட கருணை என்று நினைக்கிறீர்களா? இல்லை. 'ஆம்' என்று சொல்லியிருந்தால் நான் எங்காவது விழுந்து அழுது முடித்திருப்பேன். 'இருக்கலாம்' என்பதற்கு முடிவே இல்லை.

அவளை போபோடிக்கு அழைத்து வந்து வைத்திருந்தோம். ஒரு மதியம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். சுவரோரம் பாயில் கீதா படுத்திருந்தாள். நான் அவள் தலைமாட்டில். கூரையில் மழை. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அக்கா... அன்னிக்கு உன் பேர்ல பிளட் குடுத்தேன் இல்ல. அப்போ நார்மல்தானே?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"ஆமா கீது. நார்மல்தான்."

"அப்போ இது இப்போதான் வந்துருக்கு. இல்ல? முன்னாடியே தெரிஞ்சிருந்து நான் விட்டுட்ட மாதிரி இல்லியே... நான் ஒண்ணும் தப்பு பண்ணல இல்ல?"

"நீ ஒண்ணும் தப்பு பண்ணல."

அந்த ஒன்று உண்மை. அதைக் கேட்டதும் அவள் முகம் மெல்ல இளகிற்று. என் கையை இழுத்துக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். இப்போது சொல்லுங்கள், அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் என் பொய்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கு யோசித்தால், எனக்கு இருந்த ஒரே மறைவிடம் அவளுடைய ஆறுதல்தான் என்றும் தோன்றுகிறது. எது சரி என்று எனக்கே பிடிபடவில்லை.

கீதா இப்போது தன் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிடுகிறாள். எத்தனை சப்பாத்தி, எவ்வளவு தூரம் நடை, மாத்திரை எப்போது... எல்லாவற்றுக்கும் அக்காதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து நடக்கிறோம். நீ முன்னாடியே கத்துக்கினதால எனக்கு எவ்வளவு உபயோகம் பாரு என்கிறாள். இரண்டு சுற்று வேகமாக நடந்துவிட்டு, மூச்சு வாங்க நின்று, என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். மறுபடி ஒரு குழந்தைக்கு முயற்சி செய்யலாமா என்று போன வாரம் என்னைக் கேட்டாள்.

நான் சிறுமியாக இருந்தபோது கட்கியில் தமிழ்ப் பள்ளி ஒன்று இருந்தது. நான்காம் வகுப்புவரை அங்கே படித்தேன். கீதாவின் முறை வருவதற்குள் வீட்டில் எண்ணம் மாறி, அவளை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தார்கள். தமிழ் பேசுவாள், அதுவும் தட்டுத் தடுமாறி. ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

எனக்கு இங்கிலீஷும் இந்தியும் மராத்தியும் நன்றாகவே எழுத வரும். இதை நான் தமிழில் எழுதியிருக்கிறேன்.